செயலாளருக்கு ஜாமீன் தேவை

பேருந்துப் பணிமனையின் பின்கோடியில், முன்பு பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்த அறையில், இருநூற்றுப் பதினான்கு முதலாளிகளுக்கு ஒரே ஒரு வேலைக்காரர் இருந்தார். முதலாளிகள் யாரென்றால், அதே பணிமனையின் ஓட்டுநர்கள், நடத்துநர்கள், மெக்கானிக்குகள், வண்டி கழுவுபவர்கள். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு தொகையைச் சிக்கன நிதிக்குப் பிடிக்க விட்டு, ஆளுக்குச் சில பங்குகளும் வாங்கியிருந்த காரணத்தால், பணியாளர் கடன் சங்கத்துக்கு அவர்கள் சொந்தக்காரர்கள். வேலைக்காரர் அதன் கௌரவச் செயலாளர். கௌரவம் முன்னால் வந்தால் சம்பளம் பின்னால் வராது. காலை எட்டிலிருந்து நாலு வரை அவர் டிக்கெட் பிரிவில் எழுத்தர். நாலிலிருந்து ஆறு வரை டயர் அறையில் செயலாளர். அதற்குப் பிறகு வீட்டில் என்ன பதவி என்பதை அவர் மனைவி இன்னும் முடிவு செய்யவில்லை.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பைலா’ என்றே அழைத்தார்கள். சங்கத்தின் விதிப்புத்தகத்துக்கு அதுதான் வழக்கில் உள்ள பெயர். புத்தகத்தை யாரும் திறந்து பார்த்ததில்லை, ஆனால் எதைக் கேட்டாலும் “பைலாவுல என்ன சொல்லியிருக்கு?” என்று தொடங்கும் மனிதரை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஆகவே பெயர் புத்தகத்தை விட்டு மனிதர் மேல் ஏறிக்கொண்டது.

பத்தொன்பது வருடங்களாக அவர் ஒரே விஷயத்தை விளக்கி வந்தார். இது வங்கி இல்லை. நீ போட்ட பணத்தைத்தான் உன் பக்கத்து வண்டிக்காரன் கடனாக வாங்குகிறான். அவன் கட்டும் வட்டிதான் வருடக் கடைசியில் லாப ஈவாக உன் கைக்கு வருகிறது. பங்கு நூறு வைத்திருந்தாலும் பத்து வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். கேட்பவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். லாப ஈவு கொடுக்கும் அன்று “நம்ம சங்கம்” என்பார்கள். தவணை பிடித்த அன்று “உங்க சங்கத்துல இப்படிப் பண்ணா எப்படி?” என்பார்கள். ஒரே வாய், ஒரே மாதம். பைலா தலையில் அடித்துக்கொண்டதிலேயே முன்மண்டையில் முடி போயிற்று என்று மனைவி சொல்வார்.

அப்படிப்பட்டவருக்குக் கடன் தேவைப்பட்டது.

விஷயம் மனைவியுடையது. வீட்டு நடையில் ஒரு கால்மிதித் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுத்துவந்தவருக்கு, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய வேலை வந்திருந்தது: அறுநூறு தலையணை உறை, எழுபது திரைச்சீலை. கால்மிதியை நம்பினால் நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போய் மறுபடி நோயாகி வரவேண்டியிருக்கும். மூடப்போகும் ஒரு தையல் பட்டறையில் இரண்டு மின் இயந்திரங்கள் பாதி விலைக்கு இருந்தன. பட்டறைக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரை பொறுப்பதாகவும், அதற்கு மேல் வேறொருவர் பணத்தோடு நிற்பதாகவும் சொல்லிவிட்டார்.

“ஊருக்கெல்லாம் கடன் குடுக்குறீங்க. ஒரு தடவை எனக்கு வாங்கிக் குடுங்க” என்றார் மனைவி.

பைலாவுக்கு அது சுலபமில்லை. ஏனென்றால் விதி பதினான்கு என்று ஒன்று இருந்தது. அதை எழுதியவர் அவரே.

அவருக்கு முன்னால் இருந்த செயலாளர், தனக்குத் தானே ஒரு பெரிய கடனை அனுமதித்துக்கொண்டு, ஜாமீனுக்குத் தன் மைத்துனரையும் இறந்துபோன ஒரு நடத்துநரையும் கையெழுத்துப் போடவைத்து, பிறகு காணாமல் போனவர். இறந்தவரிடமிருந்து தவணை வசூலிக்கப் பட்ட பாட்டில்தான் பைலா விதி பதினான்கைத் தயாரித்தார். சங்கத்தில் யார் கடன் வாங்கினாலும் இரண்டு உறுப்பினர்கள் ஜாமீன் நிற்கவேண்டும். அவர் கட்டாவிட்டால் இவர்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும். ஆனால் செயலாளர் வாங்கினால், அந்த இரண்டு பேருக்கும் சொந்தக் கடன் இருக்கக்கூடாது. வேறு யாருக்கும் ஜாமீன் நின்றிருக்கக்கூடாது. ஓய்வுபெற ஐந்து வருடமாவது இருக்கவேண்டும். நிர்வாகக் குழுவில் இருக்கக்கூடாது. அவர்களே செயலாளரின் வீட்டுக்குப் போய்த் தேவை உண்மைதானா என்று பார்த்து எழுதிக் கொடுக்கவேண்டும். விண்ணப்பத்தைக் குழு பரிசீலிக்கும்போது செயலாளர் அறையில் இருக்கக்கூடாது. பொதுக்குழுவில் இதைப் படித்தபோது தேநீர் வந்துவிட்டதால் எல்லாரும் ஒரே மூச்சில் கையைத் தூக்கினார்கள். தாம் ஒருநாளும் கடன் வாங்கப்போவதில்லை என்ற தைரியத்தில் பைலா இரண்டு கைகளையும் தூக்கினார்.

இப்போது பேரேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இருநூற்றுப் பதினான்கில் கடன் உள்ளவர்கள் நூற்று முப்பத்தொன்று. மீதியில் ஜாமீன் நின்றவர்கள் ஐம்பத்தெட்டு. ஓய்வுக்கு நெருங்கியவர்கள் பதினாலு. நிர்வாகக் குழுவினரில் இதுவரை கழியாதவர்கள் மூவர். சேர்ந்து ஒரு வருடம் ஆகாததால் யாருக்குமே ஜாமீன் நிற்கமுடியாத புதியவர்கள் ஐந்து. கழித்துப் பார்த்தால் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒருவர் காலை உடைத்துக்கொண்டு வெளியூரில் கட்டிலில் இருந்தார். இன்னொருவர் வண்டி கழுவும் அக்கா. மூன்றாமவர் ஹாரன்.

ஹாரன் ஓர் ஓட்டுநர். குரலால் வந்த பெயர். எட்டு வருடத்துக்கு முன் அவர் வீடு பழுது பார்க்க என்று கடன் கேட்டிருந்தார். பைலா நேரில் போய்ச் சுவர் சுவராகத் தட்டிப் பார்த்து, வீடு கல்லுப்போல இருப்பதையும், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியின் விளம்பரத் தாள் கிடப்பதையும் கண்டுபிடித்து, விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார். இனி இந்தச் சங்கத்தில் கடன் கேட்கமாட்டேன், எவனுக்கும் ஜாமீனும் நிற்கமாட்டேன் என்று ஹாரன் பணிமனை அதிரச் சபதம் போட்டார். அந்தச் சபதத்தால்தான் இன்றைக்குச் சங்கத்தின் அப்பழுக்கில்லாத மூன்று பேரில் ஒருவராக இருந்தார்.

பைலா முதலில் அக்காவிடம் போனார். தண்ணீர்க் குழாயோடு ஒரு பேருந்தின் மேல் நின்றிருந்தார் அக்கா. பன்னிரண்டு வருட உறுப்பினர். சிக்கன நிதியைத் தானாகவே வருடத்துக்கு வருடம் கூட்டிக்கொண்டு வந்ததில், சேமிப்பில் சங்கத்திலேயே மூன்றாவது ஆள். இருந்தும் அவரிடம் ஒருவரும் ஜாமீன் கேட்டதில்லை. வண்டி கழுவுகிறவளின் கையெழுத்து தங்கள் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று நடத்துநர்கள் நினைத்திருக்கலாம். தவணை கட்டாததைக் கௌரவக் குறைச்சல் என்று அவர்கள் நினைத்ததில்லை.

பைலா விவரம் சொன்னார். அக்கா குழாயை மூடிவிட்டுக் கீழே இறங்கினார்.

“நீங்க கட்டலேன்னா நான் கட்டணும். அப்படித்தானே சார்?”

பைலாவுக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமாகவும் சுருக்கென்றும் இருந்தது. பத்தொன்பது வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஆள் ஒருவர்கூட இல்லை. கேட்ட முதல் ஆள் தன்னைப் பார்த்தா கேட்கவேண்டும்?

“அப்படித்தான் அக்கா.”

“அப்ப வீட்டைப் பாக்கணும். வியாழக்கிழமை வேலை முடிஞ்சு வரேன்.”

ஹாரனிடம் கேட்பதற்கு அவருக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்பட்டது. ஓட்டுநர் அறையில் பத்துப் பேர் இருக்கும்போது ஹாரன் பதில் சொன்னார். சொன்னதில் பெரும்பகுதியை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடிய பகுதி இதுதான்: “வரேன் பைலா. கட்டாயம் வரேன். உங்க வீட்டுச் சுவரைத் தட்டிப் பாக்க எட்டு வருஷமா என் கை அரிச்சுக்கிட்டு இருக்கு.”

இந்த இடத்தில் பைலா செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாகவேண்டும். கடன் விண்ணப்பப் படிவத்தில் காரணத்துக்கு நான்கு கட்டங்கள் உண்டு: கல்வி, மருத்துவம், திருமணம், வீடு பழுது. ஐந்தாவதாக ‘பிற’ என்று முன்பு ஒன்று இருந்தது. எல்லாரும் அதிலேயே குறி போட்டதால் பைலா அடுத்த அச்சில் அதை எடுத்துவிட்டார். தையல் இயந்திரம் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. அவர் பேனாவோடு வெகுநேரம் போராடினார். மின் இயந்திரம் வந்தால் சுவரில் புதிய பிளக் வைக்கவேண்டும். பிளக் வைக்கச் சுவரைக் குடையவேண்டும். குடைந்ததைப் பூசவேண்டும். பூசுவது பழுதுபார்ப்பது அல்லாமல் வேறென்ன? இந்தத் தர்க்கத்தின் பலத்தில் அவர் ‘வீடு பழுது’ கட்டத்தில் குறி போட்டார். குறி கொஞ்சம் சின்னதாக விழுந்தது.

வியாழக்கிழமை இருவரும் வந்தார்கள். அது இரண்டு அறையும் ஒரு நடையும் உள்ள வாடகை வீடு. ஹாரன் செருப்பைக் கழற்றியதும் நேரே சுவரிடம் போனார். முட்டியால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், அடுத்ததற்கு நகர்ந்தார். சமையலறையில் ஏணி கேட்டார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்தும் தட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் யாரோ கூப்பிடுவதாக நினைத்து எட்டிப் பார்த்தார். பைலா பின்னாலேயே கையைப் பிசைந்துகொண்டு நடந்தார்.

அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மனைவியின் எதிரில் உட்கார்ந்தார். ஒரு உறைக்கு எவ்வளவு கூலி, ஒரு நாளைக்கு எத்தனை தைக்க முடியும், ஆஸ்பத்திரிக்காரர்கள் எத்தனை நாளில் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டார். மனைவி ஒரு நோட்டை எடுத்து வந்தார். எல்லாம் அதில் இருந்தது. பணம் வர நாற்பத்தைந்து நாள் ஆகும், ஆகவே முதல் இரண்டு தவணையைச் சம்பளத்திலிருந்து தாங்கவேண்டும் என்பதும், அந்த இரண்டு மாதம் வீட்டில் எந்தெந்தச் செலவைக் குறைப்பது என்பதும்கூட. அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது பைலாவின் வெற்றிலைப் பாக்கு. அப்படி ஒரு நோட்டு வீட்டில் இருப்பது பைலாவுக்கு அன்றுதான் தெரியும்.

“உங்க கணக்கு சுத்தமா இருக்கும்மா” என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து ஹாரன் திரும்பி வந்து, மேசை மேல் இருந்த விண்ணப்பத்தை எடுத்தார். படித்தார். அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. எட்டு வருடம் காத்திருந்தவனுக்குத்தான் அப்படி ஒரு வெளிச்சம் வரும்.

“வீடு பழுதா? பைலா, இந்த வீட்டுல எங்க பழுது? எனக்கும் ஒரு தடவை காட்டுங்களேன்.”

பைலா பிளக்கிலிருந்து தொடங்கினார். குடைவதைச் சொன்னார். பூசுவதற்கு வரும்போது குரல் அவருக்கே கேட்கவில்லை. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் இருபத்திரண்டு வருட இல்லறம் இருந்தது.

“மிசினுக்குன்னு எழுத என்ன வெக்கம்?” என்றார் மனைவி.

“கட்டம் இல்லை.”

“என்னது?”

“படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லை. புதுசாச் சேர்க்கணும்னா பைலாவைத் திருத்தணும். பொதுக்குழு கூட்டணும். இருபத்தொரு நாள் முன்னாடி அறிவிப்பு குடுக்கணும். சனிக்கிழமைக்குள்ள நடக்காது.”

ஹாரன் சுவரில் சாய்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். இந்தக் காட்சிக்கு டிக்கெட் வைத்திருந்தாலும் வாங்கியிருப்பார்.

அக்கா தன் பையைத் திறந்து, இரண்டாக மடித்த ஒரு சின்னப் புத்தகத்தை வெளியே எடுத்தார். அட்டை தண்ணீர் பட்டு ஊதியிருந்தது. சங்கத்தின் விதிப்புத்தகம். “சேரும்போது குடுத்தீங்களே சார். படிச்சேன். ‘நியாயமான எந்தத் தேவைக்கும்’னு தான் போட்டிருக்கு. நாலு கட்டம்னு எங்கயும் இல்லை. படிவம் யார் அடிச்சது?”

பைலா புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். விதி ஒன்பது. அப்படியேதான் இருந்தது. கட்டம் போட்டது அவர், ‘பிற’வை எடுத்தது அவர், வருடக்கணக்கில் விண்ணப்பங்களை அந்தக் கட்டங்களுக்குள் அடைத்துத் தள்ளுபடி செய்ததும் அவர். பொதுக்குழுவில் யாரும் கை தூக்காத ஒரு சட்டத்துக்கு இத்தனை காலம் காவல் காத்திருக்கிறார். எத்தனையோ பேருக்குக் கொடுத்த புத்தகத்தை ஒரே ஒருவர் படித்திருக்கிறார் என்பதில் பெருமைப்படவேண்டிய நேரம். பெருமை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எரிச்சலைக் காட்ட ஆள் தேடினால் அறையில் அவரைத் தவிர யாரும் பொருத்தமாக இல்லை.

விண்ணப்பத்தைக் கிழித்தார். புதியதில் நான்கு கட்டங்களுக்கும் கீழே, ‘மனைவியின் தையல் தொழிலுக்கு இரண்டு இயந்திரங்கள்’ என்று எழுதினார். அக்கா முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வீட்டைப் பார்த்த அறிக்கையைத் தாமே எழுதுவதாகச் சொல்லி ஹாரன் பேனாவைப் பிடுங்கினார்: ‘சுவரில் பழுது இல்லை. செயலாளரிடம் கொஞ்சம் இருந்தது, சரிசெய்யப்பட்டது. தேவை உண்மை.’ கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

“நான் போட்டது தங்கச்சிக்காக. நீங்க ஒரு தவணை விட்டீங்கன்னா, காலையில முதல் வண்டியை உங்க வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிப்பேன்.”

சனிக்கிழமை அரை நாள் வேலை. இரண்டு மணிக்கு நிர்வாகக் குழு டயர் அறையில் கூடியது. குழுவில் ஐந்து பேர். தலைவர் எஞ்சின் பிரிவு மெக்கானிக். விதிப்படி பைலா வெளியே போய்க் கதவைச் சாத்தினார். வாசலில் ஒரு பழைய டயர் மேல் மனைவி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சரக்கு ஆட்டோவை வாடகைக்குப் பேசி நிறுத்தி வைத்திருந்தார். காத்திருப்புக்குத் தனிக் காசு என்பதை ஆட்டோக்காரர் கால்மணிக்கு ஒருமுறை நினைவுபடுத்தினார்.

கடனை அனுமதிக்கக் குழுவுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். பத்தொன்பது வருடமாக அதை எழுதிவந்தவர் வெளியே நின்றிருந்தார். பரிசீலிக்கும்போது அவரைக் கூப்பிடக்கூடாது என்பதால் ஐந்து பேரும் பேனாவை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தள்ளினார்கள். எஞ்சினைப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கத் தெரிந்த தலைவருக்கு ஒரு வாக்கியத்தைச் சேர்க்கத் தெரியவில்லை. உள்ளிருந்து காகிதம் கிழியும் சத்தம் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் பைலா கதவுப் பக்கம் பாய்ந்து பிறகு நின்றார். பக்க எண் போட்ட குறிப்பேட்டில் தாள் கிழிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று மனைவியிடம் சொல்லத் தொடங்கினார். மனைவி மணி மூன்றரை என்றார்.

நாலரைக்குக் கதவு திறந்தது. வேர்வை வழியத் தலைவர் குறிப்பேட்டையும், பட்டறைக்காரர் பெயருக்கே எழுதிய காசோலையையும் நீட்டினார். பெற்றுக்கொண்டதற்குப் பைலா குறிப்பின் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

பைலா படித்தார். படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் அவருக்கு இல்லை. குழு ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்திருந்தது: போன மாதக் குறிப்பை எடுத்து, பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி, மற்றதை எழுத்து விடாமல் நகலெடுத்திருந்தார்கள். ஆகையால் கடைசி வரி இப்படி இருந்தது: ‘செயலாளர் நன்றி கூற, கூட்டம் இனிதே நிறைவுற்றது.’

அவர் முகம் வெளுத்துவிட்டது. விதி பதினான்கின்படி செயலாளர் உள்ளே இருந்தால் கடன் செல்லாது. உள்ளே இருந்து நன்றி சொன்னார் என்று ஐந்து பேர் கையெழுத்திட்டுச் சாட்சி சொல்லியிருந்தார்கள். நாளைக்குத் தணிக்கைக்காரர் வந்தால் முன்னவரைப் போலத்தான் இவரும் என்பார். அடித்துத் திருத்தலாம் என்றால், சம்பந்தப்பட்ட ஆள் குறிப்பேட்டில் கை வைக்கக்கூடாது. அவர்களையே திரும்ப எழுதச் சொல்லலாம்; இன்னொரு இரண்டரை மணி நேரம்.

“என்னங்க?” என்றார் மனைவி. அவர் காசோலையைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தைத்தான் பார்த்தார். அந்த முகம் ஒரு விதியை நினைக்கும்போது எப்படி ஆகும் என்பது அவருக்குத் தெரியும். டயரை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

பைலா குறிப்பேட்டை மூடினார். தலைவரைப் பார்த்தார்.

“கூட்டம் முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சதுன்னுதானே எழுதியிருக்கோம்.”

“நான் நன்றி சொல்லலையே. சொன்னாத்தானே முடியும்? பரிசீலனை முடிஞ்சுபோச்சு, இப்ப நான் உள்ள வரலாம். உக்காருங்க எல்லாரும்.”

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். பைலா உள்ளே போய், குறிப்பேட்டையும் காசோலையையும் மேசையில் வைத்துவிட்டு, தம் வழக்கமான இடத்தில் நின்றார். இந்த அறையில் இருநூறு தடவைக்கு மேல் நன்றி சொல்லியிருக்கிறார். தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வருகை தந்தோருக்கும் என்று தூக்கத்திலும் வரும். இன்றைக்கு வாயைத் திறந்தால் வரவில்லை. இந்த ஐந்து பேரையும் அவர் படிவத்துக்காகவும் தேதிக்காகவும் குறிக்காகவும் வருடக்கணக்கில் வறுத்தெடுத்திருக்கிறார். ஒருவராவது இன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

“பெரிய உபகாரம்” என்றார். குறிப்பேட்டைத் திரும்பத் திறந்தார். “எழுத்து மட்டும் சகிக்கலை.”

“நாலு முப்பத்தெட்டு” என்று வாசலிலிருந்து மனைவி குரல் கொடுத்தார்.

அவர் கையெழுத்தைப் போட்டார். காசோலை மேசையிலிருந்து எப்போது போயிற்று என்று யாரும் பார்க்கவில்லை. வெளியே சரக்கு ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. அதில் அவருக்கு இடம் வைத்திருக்கவில்லை.